தட்டிப் பார்த்துக் கொடுத்த பலகை

மதினி,

என் முன்னறையில் பீரோவுக்கும் சுவருக்கும் இடையே ஒரு பலகை சாய்ந்து நிற்கிறது. பலகை என்று நான்தான் சொல்கிறேன். அது மரமில்லை, ரப்பரும் பஞ்சும் கலந்த மாதிரி ஏதோ ஒன்று. நீல நிறம். கையில் மாட்டிக்கொள்ள ஓரத்தில் ஒரு வார் தொங்குகிறது. நம் பேத்தி அந்தமானுக்கு லீவில் போனவள், திரும்பும் வழியில் ராஜபாளையத்தில் இரண்டு நாள் தங்க வந்து, இதை இங்கே சாய்த்து வைத்திருக்கிறாள். நன்றாகக் கழுவினாளாம். ஆனாலும் கதவைச் சாத்தினால் அறை முழுக்க உப்பு வாசம்.

"இது என்னத்துக்குட்டி?" என்று கேட்டேன்.

"இதுமேல குப்புறப் படுத்துக்கிட்டு அலையோட கரைக்கு வரணும் ஆச்சி. எனக்கு மட்டும் தனியா ஒருத்தர் ரெண்டு மணி நேரம் சொல்லிக் கொடுத்தாரு. ஒங்களுக்கெல்லாம் சொன்னா புரியாது."

புரியாது என்றாளே, அதை நான் மறக்க மாட்டேன். அது தனி. நான் எழுந்து போய், நடுவிரலை மடக்கி அந்தப் பலகையை மூன்று தட்டு தட்டினேன். என்னை அறியாமல் கை போய்விட்டது.

"என்ன ஆச்சி, கதவையா தட்டுறீங்க? உள்ள ஆள் இல்ல!" என்று சிரித்தாள்.

ஏன் தட்டினேன் என்று உங்களிடம்தான் சொல்ல வேண்டும் என்று தோன்றியது. நீங்கள் போய்ச் சேர்ந்து ஒரு வருஷமும் ஒரு மாதமும் ஆகிறது. நான் ஐந்தாவது வரை போனவள். எழுத்து கோணலாகத்தான் வரும். பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் பழையதைச் சொல்லிவிடுகிறேன். என் மகள் செல்வி உங்கள் மகனைக் கட்டிய அன்று ஸ்ரீவில்லிபுத்தூரில் உங்கள் வீட்டுக் கூடத்தில் சீர்ப் பாத்திரங்களை இறக்கி வைத்தோம். வரிசையில் முதலில் இருந்தது பித்தளைக் குடம். அதற்காக என் வீட்டுக்காரர் மில்லில் எத்தனை ஷிப்டு சேர்த்துப் பார்த்தார் என்பது எனக்குத்தான் தெரியும். நீங்கள் இடுப்புச் சாவிக்கொத்து குலுங்க வந்து குனிந்தீர்கள். நடுவிரலை மடக்கிக் குடத்தின் வயிற்றில் மூன்று தட்டு. தலையைச் சாய்த்துக் காது கொடுத்துக் கேட்டீர்கள். பிறகு ஒரு வார்த்தை பேசாமல் நிமிர்ந்து பந்திப் பக்கம் போய்விட்டீர்கள்.

ஏதாவது சொல்லியிருந்தால் நானும் பதிலுக்கு ஒன்று சொல்லித் தீர்த்திருப்பேன். சொல்லவில்லை. உங்கள் பக்கத்துப் பெண்கள் இரண்டு பேர் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார்கள். ஒருத்தி கட்டியிருந்தது மாம்பழ நிறச் சேலை. இன்னொருத்திக்கு இடது மூக்கில் மூக்குத்தி. இன்று எதிரில் வந்தாலும் அடையாளம் காட்டுவேன்.

நீங்கள் நீட்டிய மோரைக் கையால் ஒதுக்கிவிட்டு வேனில் ஏறினேன். வீட்டு வாசலில் இறங்கியதும் என் வீட்டுக்காரர் காதுபடச் சொன்னேன்: "இனிமே அந்த மனுசி கையால ஒரு மடக்குத் தண்ணி குடிச்சா நான் எங்க அப்பனுக்குப் பொறந்தவ இல்ல."

அந்தச் சபதம் உங்கள் காதுக்கும் வந்து சேர்ந்தது. நம் இரண்டு ஊருக்கும் நடுவில் டவுன் பஸ்ஸில் அரை மணி நேரம். அந்த அரை மணி நேரத்தை நாம் நான்கு வருஷம் கடக்கவில்லை. ஒரே ஒரு தடவைதான், பேத்தி என் வீட்டில் பிறந்தபோது பார்க்க வந்தீர்கள். தொட்டில் பக்கத்தில் உட்கார்ந்து, பிறந்து இருபது நாள் ஆன பிள்ளையிடம், "ஏட்டி, தொட்டிலு ரொம்பத் தாழக் கெடக்குன்னு ஒங்க ஆச்சிகிட்ட சொல்லு" என்றீர்கள். நானும் விடவில்லை. "ஏட்டி, இந்த வீட்டுல தொட்டிலு இம்புட்டு உயரத்துலதான் கட்டுவாகன்னு வந்தவுககிட்ட சொல்லு" என்றேன். கண்ணைக்கூட முழுதாகத் திறக்காத பிள்ளை நமக்குத் தூது போயிற்று.

அதற்குக் காது குத்தத் திருச்செந்தூர் போவது என்று முடிவானபோது, செல்வி என் அடுப்படியில் வந்து நின்றாள்.

"அம்மா, நாலு வருசமா ரெண்டு வீட்டுக்கும் நடுவுல பஸ்ஸு மாதிரி நான் ஒருத்தியே ஓடுறேன். இந்தத் தடவையும் நீங்க ரெண்டு பேரும் பேசலைன்னா நான் இங்க வர மாட்டேன். தீவாளிக்கும் வர மாட்டேன், பொங்கலுக்கும் வர மாட்டேன். நீயும் அங்க வராத."

அழாமல் சொன்னாள். அழுதுகொண்டே சொன்னால் ஒரு வாரத்தில் மாறிவிடுவாள். அழாமல் சொன்னால் சொன்னதைச் செய்வாள். என் வயிற்றில் பிறந்தவள்தானே. ஆனாலும் வேனில் ஏறும்போது இரண்டு கேன் நிறைய எங்கள் அய்யனார் கோயில் ஆற்றுத் தண்ணீரைப் பிடித்துக்கொண்டுதான் ஏறினேன். ராத்தங்கல் உங்கள் பிறந்த வீட்டில் என்று சொல்லியிருந்தார்கள். மகளும் வேண்டும், சபதமும் வேண்டும் என்றால் வேறு என்ன செய்வது?

காது குத்து நல்லபடியாக நடந்தது. நாம் பேசவில்லை. திருச்செந்தூருக்கு வடக்கே, கடலோரத்தில் இருந்த உங்கள் அண்ணன் வீட்டுக்குப் போனோம். உங்கள் அண்ணன் பெண்டாட்டி எல்லோருக்கும் சாப்பாடு போட்டார்கள். எனக்கு வயிறு சரியில்லை என்று பொய் சொல்லி, என் கேன் தண்ணீரைக் குடித்துவிட்டுப் படுத்தேன். செல்வி என் பக்கம் திரும்பவேயில்லை.

விடிந்ததும் பெண்கள் மட்டும் கடலில் குளிக்கப் போனோம். போகும் முன் நீங்கள் பரணில் எதையோ தேடி எடுத்தீர்கள். ஒரு பலகை. மார்பு உயரம், முன்பக்கம் லேசாக மேல்நோக்கி வளைந்தது, கறுத்துப்போயிருந்தது. கரையில் இறங்கியதும் செல்வி வேண்டுமென்றே பிள்ளையைத் தூக்கிக்கொண்டு, "நண்டு பாக்கப் போறோம்" என்று தூரமாக நடந்துவிட்டாள். நானும் நீங்களும் நின்றோம். நடுவில் தூது போக ஒரு ஆள்கூட இல்லை.

நீங்கள் சாவிக்கொத்தை அவிழ்த்துச் செருப்புக்குள் வைத்தீர்கள். சேலைக் கொசுவத்தைக் கால்களுக்கு இடையே வாங்கிப் பின்னால் செருகினீர்கள். பலகையோடு இடுப்பளவு தண்ணீருக்குப் போனீர்கள். ஒரு அலை வந்தது, விட்டீர்கள். அடுத்ததையும் விட்டீர்கள். மூன்றாவது அலை முதுகைத் தொடும் நேரம் பலகைமேல் குப்புற விழுந்தீர்கள். மதினி, நாற்பத்தெட்டு வயது மாமியார்க்காரி, பேத்திக்குக் காது குத்திய மறுநாள், நுரைக்கு முன்னால் அம்பு மாதிரி வந்து என் காலடி மணலில் நின்றீர்கள். ஈரத் தலையோடு எழுந்து சிரித்தீர்கள். என்னைப் பார்த்து இல்லை, தானாக.

எனக்குப் பொறாமை. அதை மறைத்து என்ன ஆகப்போகிறது?

கடலைப் பார்த்துச் சொன்னேன்: "முப்பதடி கெணத்துல மேலருந்து குதிச்சு நீந்துனவளுக்கு இதெல்லாம் ஒரு வேடிக்கையா?"

நீங்கள் பலகையைப் பார்த்துச் சொன்னீர்கள்: "கெணத்துத் தண்ணி கெடந்த எடத்துலயே கெடக்கும். இது வந்து தூக்கும். தூக்கும்போதுல்லா தெரியும் சேதி. என்ன பலகை, நான் சொல்லுதது சரிதானே?"

சொல்லிவிட்டுப் பலகையை நிமிர்த்திப் பிடித்து, நடுவிரலை மடக்கி, மேலிருந்து கீழே வரை தட்டினீர்கள். தலை சாய்த்துக் காது கொடுத்துக் கேட்டீர்கள். அதே விரல், அதே சாய்ப்பு. பலகையை உங்கள் கையிலிருந்து பிடுங்கிக்கொண்டு கடலுக்குள் நடந்தேன்.

"ஏ பலகை, ஒம்மேல படுக்கப் போறவியள முதல் அலைக்கே பாயாம செத்த நேரம் பொறுக்கச் சொல்லு," என்று பின்னாலிருந்து கத்தினீர்கள். "வயித்தை ஒட்டிப் படுக்கச் சொல்லு! நாடியத் தூக்கச் சொல்லு!"

நான் பொறுக்கவுமில்லை, மோவாயைத் தூக்கவுமில்லை. முதல் அலைக்கே பாய்ந்தேன். பலகை ஒரு பக்கம், நான் ஒரு பக்கம். எது மேல், எது கீழ் என்று தெரியவில்லை. மூக்கிலும் வாயிலும் உப்புத் தண்ணீர். முடியைப் பிடித்து ஒரு கை இழுத்து நிறுத்தியது. உங்கள் கை. நான் இருமி இருமித் துப்பினேன். நீங்கள் என் முதுகைத் தட்டிக்கொண்டே திடீரென்று வாய்விட்டுச் சிரித்தீர்கள்.

"மதினி, சவதம் போச்சே! எங்க ஊர்த் தண்ணிய அரைச் சொம்பு குடிச்சிட்டியளே! அதுவும் எங் கையப் புடிச்சிக்கிட்டு!"

நான்கு வருஷத்தில் நீங்கள் என்னைப் பார்த்து நேராகச் சொன்ன முதல் பேச்சு அது.

"இது உங்க தண்ணியா? செந்தூரான் தண்ணி!" என்றேன். விடுவேனா?

"செந்தூரான் எங்க ஊர்க்காரந்தான்."

இடுப்பளவு தண்ணீரில் நின்றுகொண்டு கேட்டேவிட்டேன்: "எங்க கொடத்தை ஏன் தட்டிப் பாத்தீக?"

"எந்தக் கொடம்?"

"கல்யாணத்தன்னைக்கு. சீர்க் கொடம். பித்தளை."

நீங்கள் விழித்தீர்கள். நடிப்பில்லை, எனக்கு ஆளைத் தெரியும். "ஆத்தாடி! கொடத்துக்கா கோவம்? பந்தியில ஒங்க அண்ணாச்சிக்கு வடை வைக்காம விட்டுட்டாவளே, அதுக்குன்னுல்லா நான் நெனச்சிக்கிட்டிருந்தேன்!"

நான் நான்கு வருஷம் சுமந்தது உங்களுக்கு நினைவிலேயே இல்லை. அதை நினைத்தால் இப்போதும் எனக்குக் கொஞ்சம் கோபம் வரும்.

பிறகு சொன்னீர்கள். உங்கள் அப்பா படகு கட்டும் ஆசாரி. ஒவ்வொரு பலகையையும் தட்டிக் கேட்காமல் படகில் ஏற்ற மாட்டாராம். "விரிசல் கண்ணுக்குத் தெரியாது, காதுக்குத்தான் தெரியும்னு சொல்லுவாவ. சின்னதுலேயே என்னையும் தட்ட வச்சிப் பழக்கிட்டாவ. கதவைத் தட்டுவேன், பானையைத் தட்டுவேன். எங்க வீட்டுக்காரவிய முதுகைக்கூடத் தட்டிப் பாத்திருக்கேன்." அந்தப் பலகையும் உங்களுக்காக அவர் படகு கட்டிய அயினி மரத்தின் மிச்சத்தில் இழைத்துக் கொடுத்ததுதானாம். "நல்ல சத்தம் வந்தா நான் என்னத்தைச் சொல்ல? நல்லாருக்குன்னுதான் பேசாமப் போயிருப்பேன். நீங்கதான் எங்க மோரத் தள்ளிவிட்டுட்டுப் போனிய. அது எனக்கு எம்புட்டு வலிச்சிது தெரியுமா?"

தெரியவில்லை மதினி. அதுவரை எனக்குத் தெரியவில்லை.

அதற்குப் பிறகுதான் பாடம் நடந்தது. பலகையின் முன்விளிம்பைப் பிடிக்க வைத்தீர்கள். என் பக்கத்தில் நின்று ஒவ்வொரு அலையாகத் திரும்பிப் பார்த்தீர்கள். "விடுங்க, இது நமக்கில்ல." அடுத்தது வந்தது. "இதுவும் நமக்கில்ல, விடுங்க." எனக்குக் கால் பரபரத்தது. வந்ததை விட்டுப் பழக்கமில்லாத பிறவி நான். நான்காவதோ ஐந்தாவதோ வந்தபோது என் முதுகில் ஒரு தள்ளு. "இது! படுங்க!"

தூக்கியது. அதை எப்படி எழுதுவது என்று எனக்குத் தெரியவில்லை. என் கனம் முழுவதையும் யாரோ கையில் வாங்கிக்கொண்ட மாதிரி இருந்தது. காதில் நுரைச் சத்தம், கண்ணில் உப்பு, எதிரே கரை ஓடி வருகிறது. மணலில் வயிறு தட்டி நின்றபோது முழங்கை சிராய்த்திருந்தது. சிரிக்கிறேனா அழுகிறேனா என்று எனக்கே தெரியவில்லை. "இன்னொண்ணு" என்றேன்.

"அடி ஆத்தே, ஆசையப் பாரு!" என்றீர்கள்.

ஏழு தடவை போனேன். தலை நிமிர்ந்தபோது செல்வி பிள்ளையோடு நின்றுகொண்டிருந்தாள். பிள்ளை கை தட்டியது. செல்வி நம்மைப் பார்க்காமல் கடலைப் பார்த்துக்கொண்டு, முந்தானையால் முகத்தை அழுத்தித் துடைத்தாள். அழுதுவிட்டாள், இனி பயமில்லை என்று எனக்குத் தெரிந்தது.

ராஜபாளையத்திலிருந்து சுமந்து போன தண்ணீரைத்தான் நாம் இருவரும் மாறி மாறித் தலையில் ஊற்றி உப்பைக் கழுவினோம். உங்கள் அண்ணன் வீட்டில் இரண்டு டம்ளர் மோர் குடித்தேன். நீங்கள்தான் ஊற்றினீர்கள். மூன்றாவதும் கேட்டேன்.

அதற்குப் பிறகு அந்த அரை மணி நேர பஸ் நமக்குத் தெருமுனை மாதிரி ஆகிவிட்டது. செல்வியின் இரண்டாவது பிரசவத்துக்கு என் வீட்டில் வந்து பதினைந்து நாள் தங்கினீர்கள். தொட்டில் தாழ இருக்கிறது என்று அப்போதும் சொன்னீர்கள். அவிழ்த்து உயரக் கட்டினேன். என் தம்பியோடு வரப்புத் தகராறு வந்து நான் கோர்ட்டுக்குக் கிளம்பி நின்றபோது என் மணிக்கட்டைப் பிடித்து, "விடுங்க மதினி, இது நமக்கில்ல" என்றீர்கள். விட்டேன். இன்று என் தம்பி மகன்தான் எனக்கு மாத்திரை வாங்கி வந்து கொடுக்கிறான். வேறு இரண்டு தடவையும் அப்படிச் சொன்னீர்கள், நான் கேட்கவில்லை. அந்த இரண்டு இடத்திலும் எனக்கு இப்போது போக்குவரத்து கிடையாது.

எல்லாவற்றையும் விட்டுவிட்டேன் என்று நினைக்காதீர்கள். என் குழம்பில் புளி தூக்கல் என்று செல்வியிடம் சொன்னது எனக்கு வந்து சேர்ந்தது. என் அரிவாள்மணையை ஒரு விசேஷத்துக்கு வாங்கிப் போனவர் மொட்டையாக்கித்தான் திருப்பினீர்கள். அதெல்லாம் இருக்கிறது. ஆனால் ஒவ்வொன்றும் வரும்போது, எழுந்து பாய்வதற்கு முன்னால், ஒரு மூச்சு நின்று திரும்பிப் பார்க்கிறேன். இது எனக்கு உண்டா இல்லையா என்று. அது நீங்கள் கொடுத்தது. வேறு யாரும் எனக்கு அதைக் கொடுத்திருக்க முடியாது. நான் வாங்கியிருக்க மாட்டேன்.

உங்கள் வருஷத் திவசத்தன்று செல்வி உங்கள் பாத்திரங்களைப் பிரித்தாள். அந்தப் பித்தளைக் குடத்தைக் கொண்டுவந்து என் முன்னால் வைத்து, "இது நீ வச்சுக்கோம்மா. அத்தை கடைசி வரைக்கும் இதுலதான் குடி தண்ணி வச்சிருந்தாக" என்றாள். கூடம் நிறைய ஆட்கள். அதே கூடம். நான் குனிந்து, நடுவிரலை மடக்கி, மூன்று தட்டு தட்டினேன். தலை சாய்த்துக் காது கொடுத்துக் கேட்டேன்.

ஒன்றும் சொல்லாமல்தான் நிமிர்ந்தேன், மதினி.