கேக்குதாப்பானு ஒரு குரல்

அன்புள்ள அண்ணாவுக்கு,

உங்க தம்பி, சவுண்டு பெட்டிக்காரன் எழுதுறது. உங்க அக்கா வீட்டுக்குப் போனதிலேருந்து நீங்க ஃபோன எடுக்கல, அதான் கடிதம். நேரத்துக்குச் சாப்பிடுறீங்களா? நான் சாப்பிடுறேன். என்ன சாப்பிட்டேன்னு கேட்டா சொல்லத் தெரியாது.

பேப்பர் பாத்திருப்பீங்க. நாடகத்துக்கு டைரக்டரா இருந்த உங்கள மாத்தினது முதல் பக்கத்துல வந்திருக்கு. உங்க கெடுபிடி ஒத்திகை தாங்காமதான் கதாநாயகி செத்துப்போனதா எழுதி, பக்கத்துல அவளும் நானும் நிக்கிற எங்க கல்யாண போட்டோ. அதுல என் மொகத்தப் பாதி வெட்டிட்டாங்க. மூளையில ரத்தக்குழாய் வெடிச்சதுக்கு யாரும் காரணம் இல்லனு டாக்டர் சொன்னப்ப நீங்களும் நானும்தானே நின்னோம். 'உங்க அண்ணன் திட்டாத நாள்ல எனக்கு வசனமே மறந்துபோகுது'னு அவ வீட்டுக்கு வந்து என்கிட்ட சொல்லுவா. உங்கள மாதிரியே இடுப்புல கைய வச்சு நின்னு என்னைய திட்டிக் காட்டுவா. அத எந்த நிருபரும் கேக்கல.

நாடகக் கம்பெனி முதலாளி உங்ககிட்ட கேட்டதயேதான் என்கிட்டயும் கேட்டாரு. ஒத்திகையில பதிவு பண்ணின அவ குரல நாடகத்துல விடணும், புது நடிகை வாயசைக்கணும். மறைந்தவர் மேடையில் பேசுகிறார்னு போஸ்டர் அடிச்சாச்சு. நீங்க முடியாதுன்னீங்க, தூக்கிட்டாங்க. புது டைரக்டர் சரின்னுட்டாரு. நாளைக்குக் காலையில பத்திரிகைக்காரங்க முன்னாடி நானே பட்டன அமுக்கணுமாம். கேமராவப் பாத்து அமுக்கணுமாம், அழுகை வந்தா அடக்க வேண்டாமாம். தலைய ஆட்டிட்டு வந்துட்டேன்.

அவங்களுக்கு ரொம்பப் பிடிச்சது வசனம்கூட இல்ல. மைக் சரியா இருக்கானு பாக்க, ஆரம்பிக்கும் முன்னாடி கேக்குதாப்பான்னு கேப்பாளே, அந்த இடம். ரேடியோ விளம்பரத்துக்கு அதான் வேணுமாம். கேக்குதுடின்னு நான் சொன்னது அவ ஹெட்ஃபோனுக்கு மட்டும்தான் போகும், பதிவுல விழாது. இப்ப போட்டா அவ கேட்டுக்கிட்டே இருப்பா, யாருமே பதில் சொல்லாத மாதிரி.

கம்ப்யூட்டர்ல இருந்தத அழிச்சிட்டேன். மிச்சம் இந்தக் கவர்ல இருக்குற மெமரி கார்டு மட்டும்தான். நாளைக்குப் போவேன். பட்டன அமுக்காம மைக்கப் பிடிச்சு, டாக்டர் சொன்னதயும் உங்கள எதுக்கு மாத்தினாங்கன்றதயும் சொல்லுவேன். வேலை போயிடும், போகட்டும். பேப்பர்ல இத எப்படித் திரிச்சுப் போடுவாங்களோ, நீங்க என் கையெழுத்துலயே தெரிஞ்சுக்கங்க.

கார்ட போட்டுக் கேக்காதீங்க, யார்கிட்டயும் குடுக்காதீங்க. என்னால கேக்க முடியும்னு தோணுற அன்னைக்கு நானே வந்து வாங்கிக்கிறேன். எப்போன்னு தெரியல. அதுவரைக்கும் அத வச்சிருக்க நீங்க இருக்கணும்ணா. ஃபோன எடுங்க. நான் பேசாம இருந்தாலும் வச்சிடாதீங்க.

இப்படிக்கு,
உங்க தம்பி