முப்பத்தோராம் பக்கத்தில் ஒரு வரி

மார்ச் 2

அன்புள்ள அக்காவுக்கு,

நலமாக இருப்பாய் என்று நம்புகிறேன். போனில் பேசினால் பாதியில் யாராவது என்னைக் கூப்பிட்டுவிடுகிறார்கள், அதனால்தான் கடிதம். இங்கே தலைக்கு மேல் வேலை. எங்கள் சிறுநீரக ஆய்வுக்கு அரசு கொடுத்த ஐந்து வருட மானியம் ஜூனோடு முடிகிறது. புதுப்பிக்க விண்ணப்பம் எழுதிக்கொண்டிருக்கிறோம். ஆறு மருத்துவமனை, மூன்று ஆய்வுக்கூடம், எல்லோரையும் கட்டி மேய்ப்பதற்குத்தான் எனக்கு ஒருங்கிணைப்பாளர் என்று பெயர். ஆறு பேரும் மாதிரிக் குப்பிகளில் ஆறு விதமாக லேபிள் ஒட்டுகிறார்கள். ஒருவர் தேதியை முதலில் எழுதுகிறார், இன்னொருவர் தேதியே எழுதுவதில்லை. நேற்று முழுக்க உறைபெட்டி முன்னால் கையுறையோடு உட்கார்ந்து குப்பிகளைச் சரிபார்த்தேன்.

ஒரு உதவி வேண்டும். 18ஆம் தேதி அரசுக் குழு நேரில் பார்க்க வருகிறது. ஆய்வுக்காகத் தன் சிறுநீரகத்திலிருந்து சதைத் துணுக்கு கொடுத்த ஒருவர் அவர்கள் முன்னால் ஐந்து நிமிடம் பேச வேண்டும். நீயும் கொடுத்தவள்தானே, வந்து பேசேன். உனக்குத்தான் வாய் இருக்கிறதே. என் அக்கா என்று மட்டும் அங்கே சொல்லிவிடாதே, அது வேறு தலைவலி. விண்ணப்பத்தின் நகலை இத்துடன் வைத்திருக்கிறேன். புரியாததைத் தாண்டிப் போ.

மானியம் கிடைக்காவிட்டால் பதினோரு பேர் வீட்டுக்குப் போக வேண்டும். அதில் நானும் ஒருவன்.

உன் தம்பி


மார்ச் 6

அன்புள்ள தம்பிக்கு,

நாற்பத்திரண்டு பக்கத்தையும் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு படித்தேன். உன் வாக்கியங்களில் மூச்சு விடக்கூட இடம் இல்லை. ஆனாலும் விஷயம் புரிந்தது. சிறுநீரகம் கெட்ட எங்கள் எல்லோருக்கும் ஒரே நோய் என்று ஒரே மாத்திரையை எழுதித் தருகிறார்கள். உண்மையில் அது பல நோய்கள். துணுக்கைப் பார்த்துப் பிரித்துவிட்டால் அவரவர் உடம்புக்கு ஏற்ற மருந்து வரும். எனக்கு வராது, பின்னால் வருகிறவர்களுக்கு வரும். நர்ஸம்மா அன்றைக்கே சொன்னார். தெரிந்துதான் கையெழுத்துப் போட்டேன், அதில் எனக்கு மனக்குறை இல்லை.

முப்பத்தோராம் பக்கத்தில் ஒரு வரி இருக்கிறது. "ஒரு பங்கேற்பாளருக்குச் சிறிய ரத்தக்கசிவு ஏற்பட்டது, அவர் முழுமையாகக் குணமடைந்தார்." அந்த ஒருவர் நான்தானே?

இரண்டு வருடத்துக்கு முன்னால் துணுக்கு எடுத்த பிறகு எட்டு நாள் வார்டில் கிடந்தேன். இரண்டு பை ரத்தம் ஏற்றினார்கள். பள்ளிக்கூடம் திறக்கிற நேரம். சீருடை வெட்டுகிற மேஜையில் மூன்று மாதம் என்னால் நிற்க முடியவில்லை. தையல்கூடத்து முதலாளியம்மா, "எனக்கும் பாவமாத்தான் இருக்கு, ஆனா மேஜையைக் காலியாப் போட முடியாதேம்மா" என்று வேறு ஆளை நிறுத்திவிட்டார். இப்போது வீட்டில் உட்கார்ந்து சட்டைப் பொத்தானுக்குக் காஜா எடுக்கிறேன். இதெல்லாம் உனக்குத் தெரியாததா?

சிறியது என்று எழுதியது யார்?

அன்புடன்,
அக்கா


மார்ச் 9

அக்கா,

எழுதியது நான்தான்.

படிவத்தில் மூன்று கட்டம்: சிறியது, நடுத்தரம், கடுமையானது. ரத்தம் ஏற்றினாலே கடுமையானது என்று விதி. அப்படிக் குறித்தால் விசாரணை முடியும்வரை ஆறு மருத்துவமனையிலும் யாருக்கும் ஊசி விட்டுத் துணுக்கு எடுக்கக் கூடாது. அப்போது பாதிப் பேர்கூடச் சேர்ந்திருக்கவில்லை. ஆய்வின் இயக்குநர் என்னிடம், "பார்த்து எழுதுங்க" என்றார். வேறொன்றும் சொல்லவில்லை. நானும் பார்த்து எழுதினேன். துணுக்கு எடுத்த டாக்டர் படிக்காமலே கையெழுத்துப் போட்டார்.

யாரிடமும் இதைச் சொன்னதில்லை. உன்னிடம் பூசி மெழுக மனம் வரவில்லை. ரொம்பக் களைத்துப்போய்விட்டேன் அக்கா. முதலில் மானியம் வரட்டும், அப்புறம் திருத்திவிடுகிறேன். 18ஆம் தேதி மட்டும் வந்துவிடு.

தம்பி


மார்ச் 12

அன்புள்ள தம்பிக்கு,

நீ கூப்பிட்டுத்தான் ஊசிக்கு வந்தேன் என்று ஒரு நாளாவது குத்திக்காட்டியிருக்கிறேனா? உள்ளே ஊசி போனால் ரத்தம் வரலாம், அது யார் குற்றமும் இல்லை. ஆனால் அடுத்து அச்சடிக்கிற சம்மதக் காகிதத்தில் இந்த வரிதானே போகும்? என்னைப்போல நின்று வேலை பார்க்கிற ஒருத்தி அதைப் படித்துவிட்டு, "சின்னதுதானாம்" என்று இரண்டு நாள் லீவு மட்டும் சொல்லிவிட்டு வருவாள். அவளுக்கு நீ என்ன பதில் வைத்திருக்கிறாய்?

மானியம் வந்த பிறகு திருத்துகிறாயாம். வந்த பிறகு அடுத்த ஐந்து வருடத்துக்குப் பயப்படுவாய். உன்னை எனக்குத் தெரியாதாடா?

வருகிறேன். இந்த ஆய்வு நின்றுவிடக் கூடாது என்றும் சொல்வேன், எட்டு நாள் கிடந்ததையும் சொல்வேன். அதற்குள் நீயே திருத்திவிட்டால் எனக்குப் பேச்சு மிச்சம்.

அக்கா


மார்ச் 14

அக்கா,

நீ வர வேண்டாம். ஓய்வுபெற்ற லாரி டிரைவர் ஒருவரை ஏற்பாடு செய்துவிட்டேன். துணுக்கு கொடுத்ததில் அவருக்கு ஒன்றும் ஆகவில்லை, நன்றாகவும் பேசுகிறார். வாசலில் கொடுத்திருக்கிற பட்டியலில் உன் பெயர் இருக்காது. மன்னித்துவிடு.

தம்பி


மார்ச் 16

தம்பி,

சரி, வரவில்லை. வாசலில் நின்று தகராறு செய்ய எனக்குத் தெம்பு இல்லை. யாருக்கும் மனு போடவும் மாட்டேன், பயப்படாதே. உன் பிழைப்பை நான் கெடுத்ததாக இருக்க வேண்டாம்.

நீ எழுதினால் பிரிக்க மாட்டேன் என்று வீறாப்புப் பேசவில்லை. பிரிப்பேன், படிப்பேன். பதில் எழுதத்தான் முடியாது.

அக்கா


மார்ச் 21

அன்புள்ள அக்காவுக்கு,

நடந்ததை எழுதிவிடுகிறேன்.

18ஆம் தேதி காலையில் குழு வந்தது. லாரி டிரைவர் பேசினார். குழுவில் இருந்த ஒரு அம்மா அவரிடம், "ரத்தக்கசிவு வரலாம்னு தெரிஞ்சுதான் சம்மதிச்சீங்களா?" என்று கேட்டார். அவர் என் பக்கம் கை காட்டி, "சார் எல்லாம் விளக்கமா சொன்னாருங்க. ஒருத்தருக்குத்தான் வந்துச்சாம், அதுவும் சின்னதாம்" என்றார். அத்தனை நம்பிக்கையாகச் சொன்னார். எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். ஆமாம் என்று ஒரு தலையாட்டல் போதும், என்னால் முடியவில்லை. எழுந்து நின்று சொல்லிவிட்டேன். சிறியது இல்லை, கடுமையானது. இரண்டு பை ரத்தம், எட்டு நாள், பறிபோன வேலை. மாற்றி எழுதியது நான். அந்தப் பங்கேற்பாளர் என் கூடப்பிறந்த அக்கா.

விண்ணப்பத்தை இந்த முறை எடுத்துக்கொள்ள மாட்டார்கள். விசாரணை முடிந்தால் அடுத்த வருடம் வேறு ஒருங்கிணைப்பாளரை வைத்துப் போடலாம் என்றார்கள். உறைபெட்டி அதுவரை ஓடும், உன் துணுக்கு பத்திரமாக இருக்கும். பதினோரு பேருக்கும் ஜூனோடு வேலை முடிகிறது. லேபிள் ஒட்டுகிற பெண் என் மேஜைக்கு வந்து, "முன்னாடியே சொல்லியிருக்கலாமே சார்" என்றாள். நாலு வார்த்தை திட்டியிருந்தால்கூடத் தேவலை என்றிருந்தது.

எல்லோரும் காகிதங்களை அடுக்கிக்கொண்டு கிளம்பும்போது, குழுவில் இருந்த அந்த அம்மா என்னிடம் வந்து, "உங்க அக்கா இப்ப எப்படி இருக்காங்க?" என்று கேட்டார்.

இந்த இரண்டு வருடத்தில் நான் அதை உன்னிடம் கேட்டதே இல்லை.

எப்படி இருக்கிறாய் அக்கா?

தம்பி