மலையில் செல்லாத மரியாதை

என் தோழிக்கு,

குளியலறைக் கம்பியில் என் ஸ்கீப் பட்டைகள் காய்கின்றன. மலை ஏறும்போது வழுக்காமல் இருக்க, பனியில் சறுக்கும் ஸ்கீயின் அடியில் ஒட்டுவோமே, அவைதான். அந்தப் பசை மணம் வீடெல்லாம் பரவிவிட்டது. "ஒஸ்லோ குரோருட்டிலை எங்கடை வீடு மட்டும்தான் சைக்கிள் கடை மாதிரி மணக்குது" என்று இவர் முணுமுணுக்கிறார். முணுமுணுக்கட்டும். நேற்று நான் வென்றுவிட்டு வந்திருக்கிறேன். நீ கண்மூடி இரண்டு பனி மாரி கடந்துவிட்டது, இருந்தும் எதையும் முதலில் உனக்குத்தான் சொல்ல வருகிறது.

நாற்பது தாண்டி நாம் இருவரும் ஸ்கீ பழகப் போனபோது எங்கள் சனம் சிரித்த சிரிப்பு கொஞ்சமா? நீ அதைக் காதில் போடவில்லை. பனி சரிந்து விழுவதைப் பற்றிய வகுப்புக்கும் என்னை இழுத்துக்கொண்டு போனாய். ஆனால் பனியைவிட நீ பயந்தது எங்கள் மரியாதைக்குத்தான்.

எங்கள் ஆட்களோடு போன அந்த முதல் பயணம் நினைவிருக்கிறதா? எல்லோருக்கும் மூத்தவர் என்று, நாங்கள் அண்ணை என்று கூப்பிடுபவர் முன்னால் போனார். செங்குத்தான சரிவு. பின்னால் போன அத்தனை பேருக்கும் பயம், ஒருவரும் வாய் திறக்கவில்லை. கீழே வந்து தேநீர் குடிக்கும்போதுதான் ஒவ்வொருவராக "எனக்கும் பயமாத்தான் கிடந்தது" என்றார்கள். நீ வெடித்தாய். "பயத்தைக் கீழ வந்து சொல்லி என்னகா பிரயோசனம்? பனிக்கு மூத்தவர் இளையவர் தெரியுமா?" உன் மட்டக்களப்புக் 'கா' அன்று ஊசியாகக் குத்தியது.

அன்றே சட்டம் போட்டாய். சரிவுக்கு முன்னால் எல்லோரும் நிற்க வேண்டும். புதிதாக வந்தவர் முதலில் பேச வேண்டும், மூத்தவர் கடைசியில். ஒருவர் வேண்டாம் என்றாலும் அந்த வழி இல்லை, காரணமும் கேட்கக் கூடாது. "'நீங்க சொன்னாச் சரி' எண்ட கதை மலையில செல்லாதுகா" என்றாய்.

நேற்று ஹெம்செடால் மலைப்பக்கம் ஆறு பேர் போனோம். அதே அண்ணையும் வந்தார். புதிதாக வந்தவள் தேவகி, மென்பொருள் வேலைக்கு ஒஸ்லோ வந்த கோயம்புத்தூர்க்காரி. காற்று பனியை அள்ளிவந்து சரிவில் குவித்திருந்தது. சரிவு தாங்குமா என்று நான் குழி வெட்டிப் பார்த்தேன். மேலே இறுகிய பனி, அடியில் சீனி போல ஒட்டாத பனி. பனியை ஒரு தூணாக வெட்டி, பனி அள்ளும் சவளை அதன் மேலே வைத்துத் தட்டினேன். சில தட்டுகளிலேயே மேல்பகுதி பலகையாக வழுக்கி என் மடியில் விழுந்தது.

அண்ணை எட்டிப் பார்த்தார். "அது இந்த இடத்திலை மட்டும்தான். அங்காலை இறுக்கமா இருக்கும். உச்சி கிட்டத்தானே." உடனே மற்றவர்கள் "அண்ணை சொன்னாச் சரி" என்று முதுகுப்பைப் பட்டியை இறுக்கத் தொடங்கினார்கள். என் கலியாணத்தை முன்னின்று நடத்திய மனிதர் அவர். நானும் என் பட்டியில் கை வைத்தேன். பிறகு உன் சட்டம் நினைவுக்கு வந்தது.

"பொறுங்கோ. புதுசா வந்தவ முதல்லை கதைக்கட்டும்."

தேவகியின் முகம் சிவந்துவிட்டது. "எனக்கு வேண்டாங்க்கா. ஏன்னு கேட்டா சொல்லத் தெரியலீங்க."

"ஏனெண்டு கேக்க மாட்டம்."

அண்ணையின் முகம் சுருங்கியது. ஆனாலும் ஸ்கீயைத் திருப்பினார்.

சாய்வு குறைந்த, மலையின் முதுகுப் பக்கமாகச் சுற்றி ஏறினோம். உச்சியை எட்டும் நேரம் வெயில் நன்றாக ஏறிவிட்டது. திடீரென்று அடிவயிற்றில் கேட்பது போல ஒரு சத்தம். நாங்கள் விட்டுவந்த சரிவில் பனி முழுவதும் வெடித்துக் கீழே போனது. நான் குழி வெட்டிய இடமே தெரியவில்லை. நல்ல காலம், கீழே யாரும் இல்லை.

தேவகி அழுதுகொண்டே சிரித்தாள். நான் வெட்கமில்லாமல் மலையே அதிரக் கத்தினேன்: "வெண்டிட்டமடி!" அது உனக்குத்தான்.

இன்று காலை அண்ணை எனக்குப் போன் எடுத்தார். "அடுத்த முறையும் அந்தப் பிள்ளையைக் கூட்டிக்கொண்டு வா. அவ கதைக்காமல் நான் கால் எடுத்து வைக்கமாட்டன்" என்றார். பிறகு, "அவ இருந்திருக்க வேணும்" என்றார். உன்னைத்தான் சொன்னார்.

நீ இல்லாத மலையில் உன் சட்டத்தை இனி நான் சொல்வேன், எவர் முகம் சுருங்கினாலும் சத்தமாகச் சொல்வேன். நேற்று ஆறு பேரும் வீட்டுக்கு வந்தோம்.