பன்னெண்டு பேரும் சொல்லிட்டுப் போனாங்க

பெர்லின்

நைனாவுக்கு புவனா நமஸ்காரம். முட்டிவலி எப்படி இருக்கு? திருத்தணி மலைக்குப் படியேறாதீங்க, பஸ்ஸுல போங்க.

நான் நல்லா இருக்கேன். இங்க நான் நடத்துற யோகா வகுப்பு முடிஞ்சா 'நமஸ்தே'ம்பாங்க. அது இவங்க நமக்குக் கட்டிவிட்ட வேஷம்னு சொல்லி, நம்ம வீட்டு வழக்கமா 'போய்ட்டு வரேன்' சொல்லக் கத்துக்குடுத்தேன். அசையாம இருக்கறதும் ஆசனம்தான்னும் சொல்லுவேன்.

நேத்து கடைசியா சவாசனத்துல நானும் படுத்தேன். மணியடிச்சு எழுப்ப வேண்டியது நான். எழுந்திருக்கத் தோணல, படுத்துகினே இருந்தேன். அதுவும் பாடம்னு நினைச்சு, பன்னெண்டு பேரும் மெதுவா 'போய்ட்டு வரேன்' சொல்லிட்டுப் போனாங்க. சிரிப்புதான்.

உங்க பழைய லுங்கி ஒண்ணு அனுப்புங்க, பாய்மேல விரிக்க. துவைக்க வேணாம்.

ஏர்போர்ட்ல உங்ககிட்ட நான் 'போறேன்'னுதான் சொன்னேன். வகுப்புக்கு நேரமாச்சு, நைனா. போய்ட்டு வரேன்.

புவனா