அழிக்கச் சொல்லி நீதான் எழுத வேண்டுமாம்

பள்ளிவாசல் தேயிலை எஸ்டேட்,
ஞாயிறு, பூசை முடிந்து.

அன்பு மகள் ஆன்மேரிக்கு அப்பா எழுதுவது. ஆண்டவர் தயவில் நானும் அம்மாவும் சுகம், அயர்லாந்துக் குளிரில் நீயும் மாப்பிள்ளை ஜோபியும் சுகமாயிருக்க மன்றாடுகிறோம். இங்கே பத்து நாளாக விடாத மழை, அம்மாவுக்கு முட்டிவலி, தைலம் தேய்த்தால் கேட்கிறது. போனில் பேசினால் அவள் பக்கத்திலேயே நிற்கிறாள், அதனால்தான் எழுதுகிறேன்.

நம் கோயிலுக்கு வெப்சைட் போடப் போகிறார்கள். அந்தோனியார் விண்ணப்பப் பெட்டியில் சீட்டுப் போடுகிறோமே, அதை இனி வெளிநாட்டுப் பிள்ளைகளும் போனிலேயே எழுதலாமாம். இரண்டு கம்பெனிகளின் பிரைவசி பாலிசியை என் கையில் கொடுத்து, சனங்களின் இரகசியத்தை எவன் காப்பான் என்று பார்த்துச் சொல்லுங்கள், ஏசுரத்தினம் என்றார் ஃபாதர். தேயிலை ஃபேக்டரியில் முப்பது வருஷம் கிளார்க்காக இருந்தவனுக்கு இது என்ன பெரிய காரியம் என்று வாங்கி வந்தேன். கோயம்புத்தூர்க் கம்பெனிக்கு அரைப் பக்கம், அதில் சந்தேகப்படக்கூட ஒன்றுமில்லை, அதுவே சந்தேகமாக இருக்கிறது. கொச்சிக் கம்பெனிக்குப் பதினாறு பக்கம். முதல் பக்கத்தில் உங்கள் தகவலை யாருக்கும் தரமாட்டோம் என்கிறான், ஒன்பதாம் பக்கத்தில் எங்களோடு தொழில் செய்கிறவர்களுக்குத் தருவோம் என்கிறான். நாலு தடவை படித்துவிட்டேன், தலை சுற்றுகிறது. நம் பெட்டிச் சீட்டையோ மாதத்தின் முதல் வெள்ளி யாரும் பிரிக்காமல் தூபக்காலில் எரித்துவிடுகிறோம். இவன் தேவைப்படும் காலம் வரை வைத்திருப்பானாம். யாருக்குத் தேவை என்று எழுதவில்லை.

இதற்கிடையில் ஒரு தப்புச் செய்துவிட்டேன். கொச்சிக்காரன் சோதித்துப் பார்க்க வெப்சைட்டில் ஒரு பக்கம் திறந்து கொடுத்து, மாதிரிக்கு ஏதாவது எழுதிப் போடச் சொன்னான். ஊரார் கஷ்டத்தை நானாக இட்டுக்கட்ட மனம் வரவில்லை, பெட்டியைத் திறந்து ஏழு சீட்டை எடுத்து ஒற்றை விரலால் தட்டினேன். ஐந்தாவது உன் அம்மா கையெழுத்து. அப்போதே மடித்து வைத்திருக்க வேண்டும், வைக்கவில்லை. என் மகள் ஆன்மேரிக்கு இரண்டு தடவை கலைந்துபோனது, இந்த மூன்றாவதையாவது காப்பாற்றிக் கொடும் அந்தோனியாரே என்று உன் முழுப் பெயரோடு எழுதியிருந்தாள். தட்டி அனுப்பிய பிறகுதான் என்ன செய்தேன் என்று உறைத்தது, மகளே.

உடனே கம்பெனிக்குப் போன் போட்டேன். மற்ற ஆறிலும் பெயரில்லை, அதை அழித்துவிட்டார்கள். பெயருள்ளதை அந்த ஆளேதான் எழுதிக் கேட்க வேண்டுமாம், பன்னிரண்டாம் பக்கத்தில் இருக்கிறதாம். நான் அவள் அப்பன் என்றேன். பதினெட்டு தாண்டிய பிள்ளைக்கு அப்பன் எழுதினால் செல்லாது சாரே என்றது போனை எடுத்த பெண். அதனால்தான் உன்னிடம் இதைச் சொல்ல வேண்டியதாயிற்று, இல்லையென்றால் ஒன்றும் தெரியாதவன் போலவே இருந்திருப்பேன். ஏன் என்னிடம் சொல்லவில்லை என்று ஒரு நேரம் கோபம் வருகிறது, இரண்டு தடவையும் நான் போனில் மழையையும் தேயிலையையும் பேசிக்கொண்டிருந்தேனே என்று ஒரு நேரம் அழுகை வருகிறது, பேரப்பிள்ளை என்று நினைத்தால் சிரிப்பும் வருகிறது. சிரிக்கலாமா என்றுதான் தெரியவில்லை. கம்பெனிக்காரன் உன் சம்மதம் கேட்கவில்லை, நானும் கேட்கவில்லை. மன்னித்துவிடு.

அம்மாவிடம் காட்டிக்கொள்ளாதே. படி ஏறி இறங்காதே, டியூட்டியில் கனமானது எதையும் தூக்காதே. அந்தோனியார் உங்கள் மூன்று பேரையும் காப்பார். கம்பெனியின் மெயில் விலாசம் பின்பக்கத்தில் எழுதியிருக்கிறேன், மறக்காமல் இன்றே எழுதிப் போடு. அவர்களிடம் இருப்பதை அழிக்கச் சொல். எனக்குத் தெரிந்தது மட்டும் இருந்துவிட்டுப் போகட்டும்.

அன்பு அப்பா,
ஏசுரத்தினம்