எதிர்வீட்டு மெஷின்

1964 மார்ச் 9

மிளகு காயப் போட்ட பாயில் பூனை படுத்து எழும்பியிருக்கிறது. எல்லாவற்றையும் மறுபடி புடைக்க வேண்டும். மஃரிப் தொழுகைக்குப் பிறகு லைட் ஒருதரம் மங்கித் தெளிந்தது. கொஞ்ச நேரம் போக மறுபடியும் அப்படியே. வீட்டுக்காரர் நகரசபையை வைதார். இவர் வைவதற்கென்றே நகரசபை இருக்கிறது போல.

மார்ச் 11

காரணம் தெரிந்தது. எதிர்வீட்டில், அதாவது என் வாப்பா வீட்டில், ஏர்கண்டிஷன் பூட்டியிருக்கிறார்கள். கூடப்பிறந்த நானாவின் மனைவி றஹீமா மச்சி வேலியோரம் நின்று சொன்னார். கொழும்பில் ஊருக்குத் திரும்பிப் போகும் ஒரு வெள்ளைக்காரன் வீட்டுச் சாமான் ஏலத்தில் இத்ரூஸ் நானா எடுத்தாராம். வாப்பாவுடையது காலமெல்லாம் மிளகுத் தூசி தின்ற நெஞ்சு. ஜன்னலைத் திறந்தால் இருமல், மூடினால் புழுக்கம். தூசி படாமல் வைத்திருக்கச் சொல்லி டாக்டர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். இரண்டு வீட்டுக்கும் ஒரே கம்பி. அங்கே மெஷின் ஓடத் தொடங்கும்போது இங்கே வெளிச்சம் வாடுகிறது.

"ஒருக்கா வந்து பாத்துட்டுப் போங்களேன்" என்று மச்சி வாய்தவறிச் சொல்லிவிட்டு, உடனே முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

நான் எப்படிப் போவது? நோன்புக்கு முன்னால் கடையில், கொழும்பு வியாபாரிகள் நிற்க, மிளகில் பப்பாசிக் கொட்டை கலந்ததாக வாப்பா இவரைச் சொல்லிவிட்டார். அன்று வீட்டுக்கு வந்த இவர் சட்டையைக் கூடக் கழற்றவில்லை. "ஒன் வாப்பா உசிரோட ஈக்கிற வரைக்கும் நீ அந்த வீட்டு வாசல மிதிச்சா, மூணு தலாக்கும் விழும்" என்றார். சொன்ன பிறகு சோறு கேட்டார்.

வாப்பா சொன்னது பொய்யில்லை. பப்பாசிக் கொட்டை எங்கள் கொல்லையில்தான் காய்ந்தது. ஆனால் மருமகன் என்று பாராமல் நாலு பேர் முன்னால் சொல்லியிருக்க வேண்டுமா? இரண்டு ஆண்களுக்கும் மானம் பெரிது. அம்மிக்கும் குழவிக்கும் நடுவில் அரைபடுவது நான்தான்.

ஏப்ரல் 2

லைட் மங்கும்போது முன்பெல்லாம் எரிச்சல் வரும். இப்போது மங்காவிட்டால்தான் பயமாக இருக்கிறது. மங்கினால் வாப்பாவின் அறை குளிர்கிறது, வாப்பா இருக்கிறார் என்று அர்த்தம். அடுப்படியில் நின்றாலும் ஒரு கண் பல்பில்தான்.

மகன் சாலிஹ் இதை விளையாட்டாக்கிவிட்டான். ஒன்பது வயசுக்கு எல்லாமே விளையாட்டு. மங்கும்போதெல்லாம் "மூத்தாப்பா மூச்சு விட்டாரு" என்று கத்துகிறான். இன்று சாப்பாட்டு வேளையிலும் கத்தினான், இவர் இருக்கும்போதே. இவர் பல்பைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார். பாதிச் சோற்றில் கை கழுவிவிட்டார்.

ஏப்ரல் 23

ஹஜ்ஜுப் பெருநாள். வட்டிலப்பம் அவித்து, இவர் பள்ளிவாசலிலிருந்து திரும்புவதற்குள் சாலிஹ் கையில் வாப்பாவுக்கு அனுப்பினேன். இரண்டு கரண்டி சாப்பிட்டாராம். "ஏலக்காய் கூடிப்போச்சுன்னு உம்மாக்கு சொல்லு" என்றாராம். குறை சொல்லத் தெம்பு இருக்கிறதே, அல்ஹம்துலில்லாஹ். கிண்ணத்தைக் கழுவும்போது அழுதேன்.

இவருக்குத் தெரிந்துவிட்டது. இனி பிள்ளையும் அங்கே போகத் தேவையில்லையாம்.

மே 12

றஹீமா மச்சி தங்கையின் பிரசவத்துக்கு அக்குறணைக்குப் போய்விட்டார். வேலியோரம் பேச இனி ஆளில்லை. பல்பு மட்டும்தான்.

மே 20

காலையில் கம்பத்தில் நகரசபை ஆட்கள் ஏறி நின்றார்கள். மத்தியானம் வரை கரண்ட் இல்லை. சாலிஹின் சட்டைகளை அயன் பண்ண முடியவில்லை.

மே 22

நேற்று எழுதக் கை வரவில்லை. இன்று எழுதாமல் இருக்க முடியவில்லை.

நேற்று வியாழன். இவர் மிளகு எடுக்கப் பல்லேபொலவுக்குப் போயிருந்தார். சாலிஹ் ஓதப் போயிருந்தான். அஸர் தொழுகைக்கு முன்பே மழை இருட்டிக்கொண்டு வந்ததால் லைட்டைப் போட்டேன். மங்கவில்லை. பாத்திரம் கழுவினேன், துணி மடித்தேன், மங்கவேயில்லை. முந்தின நாள் இரவும் மங்கினதாக ஞாபகம் இல்லை. கவனிக்காமல் தூங்கிவிட்டேன் என்று என்னையே வைதுகொண்டேன். வாசலில் நின்று நானாவைக் கூப்பிட்டேன். தகரத்தில் மழை விழுகிற சத்தத்தில் என் குரல் எனக்கே கேட்கவில்லை. அங்கே வாசலில் நிறையச் செருப்புகள். மழை ஒரு மூச்சு ஓய்ந்தபோது, மௌத்தான வீட்டில் ஓதுகிற யாஸீன் சத்தம் உள்ளேயிருந்து வந்தது.

எல்லாம் முடிந்துவிட்டது என்று நினைத்தேன். அந்த நேரத்திலும் இவருடைய சொல் ஞாபகத்தில் இருந்தது. உசிரோடு இருக்கும் வரைக்கும்தானே சொன்னார்? இனி அந்தச் சொல்லுக்கு வேலை இல்லையே. அப்படி நினைத்துத்தான், அல்லாஹ்வே, அப்படி நினைத்துத்தான் போனேன். முக்காடு நனைய ஓடி, படியேறி, கூடத்தில் ஓதிக்கொண்டிருந்தவர்களைத் தாண்டி வாப்பாவின் அறைக் கதவைத் தள்ளினேன்.

வாப்பா தலையணையில் சாய்ந்து கஞ்சி குடித்துக்கொண்டிருந்தார். மெஷின் ஓடிக்கொண்டிருந்தது. அறை ஜில்லென்று இருந்தது.

சுகம் கிடைக்கத்தான் யாஸீன் ஓதினார்களாம். நானா கோப்பையை வாங்கிக் கீழே வைத்தார். "ஏன் புள்ள வந்தீங்க? வாப்பாக்கு ஒண்ணுமில்லையே" என்றார். லைட் மங்கவில்லை என்று சொன்னேன். அவர் நெற்றியில் கை வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். லைட் மங்குகிறது என்று மச்சான் நகரசபைக்கு எழுதிக் கொடுத்து, உங்கள் வீட்டு லைனை வேறாக்கிவிட்டார்கள், முந்தின நாள்தான் மாற்றினார்கள், உங்களுக்குத் தெரியாதா என்று கேட்டார்.

தெரியாது. அந்த ஆட்களைக் கம்பத்தில் பார்த்தேன். அயன் பண்ண முடியவில்லை என்றுதான் எழுதி வைத்தேன்.

மே 24

இனி நான் வாப்பா வீட்டில்தான். இவருக்கு ஆள் அனுப்பிச் சொல்லியாயிற்று. இவர் வரவில்லை. என் உடுப்புப் பெட்டி மட்டும் வந்தது.

மே 31

பள்ளிவாசல் லெப்பை மக்கீன் வந்து திரைக்கு வெளியே உட்கார்ந்து பேசினார். நல்ல மனுஷன். தெரியாமல் மிதித்தால் விழாது என்று மார்க்கக் கிதாபில் ஒரு சொல் இருக்கிறதாம். வாப்பா மௌத்து என்று நம்பித்தானே போனாய், அதைத் தலாக் வழக்கு கேட்கிற காதியாரிடம் சொல்லலாம் என்றார். ஆனால் சத்தியம் சொன்னவர் மனசில் என்ன இருந்தது என்பதும் வேண்டும். வெறும் மிரட்டலாகச் சொன்னேன் என்று உன் புருஷன் லாபிர் ஒரு வார்த்தை சொன்னால் போதும், வழி பிறக்கும் என்றார்.

ஒரு வார்த்தைதானே. சொல்வார். கோபம் வந்தால் கண் தெரியாது, ஆனால் கல் மனசு இல்லை. சாலிஹுக்குக் காய்ச்சல் வந்தபோது தூங்காமல் இருந்தவர்தானே?

ஜூன் 14

இன்று காதியார் முன்னால் போனார்கள். நானா திரும்பி வந்து முற்றத்திலேயே நின்றார்.

"மனசாரத்தான் சொன்னேன்னு சொல்லிட்டாரு" என்றார்.

லைனை ஏன் மாற்றினாய், வீட்டில் ஏன் சொல்லவில்லை என்று லெப்பை கேட்டாராம். பல்பு அடிக்கடி போனது, அதைப் பொம்பளைகளுக்கு எதற்குச் சொல்ல வேண்டும் என்றாராம். பல்பு அடிக்கடி போனது உண்மைதான். ஆனால் அன்று சோற்றில் கை கழுவினாரே, அதுவும் உண்மைதானே? எனக்குத் தெரியவில்லை. அவருக்காவது தெரியுமா?

ஏழு வயசு தாண்டின ஆண்பிள்ளை தன் வாப்பாவோடு இருக்க வேண்டுமாம். அதையும் முடிவு செய்துவிட்டார்கள்.

ஜூன் 15

பாவி. பாவி மனுஷன். ஒரு வார்த்தை சொன்னா என்ன, நாக்கு அழுகிப் போயிருமா?

ஜூலை 3

வாப்பா தேறி வருகிறார். இருமல் பாதியாகக் குறைந்துவிட்டது. இன்று கால் பிடித்துவிட்டபோது சொன்னார். "நான் அன்னைக்கு மௌத்தாகி இருந்தா நல்லம், மகள்."

அப்படிச் சொல்லாதீங்க வாப்பா என்று உடனே சொல்லியிருக்க வேண்டும். கொஞ்சம் பிந்தித்தான் சொன்னேன்.

ஆகஸ்ட் 6

தலாக்குக்குப் பிறகான இத்தாக் காலம் முடியவில்லை, வெளியே இறங்கக் கூடாது. வாப்பாவின் அறை ஜன்னல் கண்ணாடி வழியே எதிர்வீடு தெரிகிறது. அங்கே இவருடைய மூத்த சகோதரி வந்து சமைக்கிறார். மஃரிப் முடிந்ததும் சாலிஹ் முன் அறையில் லைட்டுக்குக் கீழே உட்கார்ந்து எழுதுகிறான். இந்தப் பக்கம் பார்க்கக் கூடாது என்று சொல்லி வைத்திருப்பார்கள். பார்ப்பதில்லை.

இன்று நல்ல புழுக்கம். மெஷின் நின்று நின்று ஓடியது. ஒவ்வொரு தடவையும் இங்கே வெளிச்சம் மங்கித் தெளிந்தது. ஒவ்வொரு தடவையும் நான் எதிர்வீட்டைப் பார்த்தேன். அங்கே லைட் அசையவில்லை. சாலிஹ் கொப்பியிலிருந்து தலை தூக்கவில்லை.