படத்தில் தைத்த போர்வை

தோகொமாரு,
ஜூன் 14

லண்டனில் இருக்கும் என் பேத்தி ரிபெக்காவுக்கு, உன் பாட்டி அடுப்புப் பக்கத்தில் உட்கார்ந்து எழுதுகிறேன்.

அங்கே கோடை, இங்கே குளிர் தொடங்கிவிட்டது. என் முழங்கால் பரவாயில்லை. உன் ராவிரி தாத்தாவைப் பற்றித்தான் அப்படி எழுத முடியவில்லை. இனிச் செய்வதற்கு ஒன்றுமில்லை என்று ஆஸ்பத்திரியில் என் அண்ணனை வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள்.

நீ அனுப்பிய கண்காட்சிப் புத்தகம் வந்தது. உன் படத்துக்குக் கீழே எழுதியிருந்ததில் பாதி புரியவில்லை. அஞ்சாம் வகுப்போடு நின்றவளுக்கு அது வேண்டியதும் இல்லை, படம் புரிந்தது. வெள்ளைக்காரர்கள் நம் மலையையும் கடலையும் ஆளே இல்லாத மாதிரி வரைந்து வைத்தார்களே, அதே மேகம், அதே ஆயில் பெயிண்ட். அதன் நடுவில் என் அம்மா நெய்த இறகுப் போர்வையைத் தைத்து நிறுத்திவிட்டாய். அம்மாவே எழுந்து நிற்கிற மாதிரி இருந்தது. கடைக்காரரிடம் காட்டினேன், பஸ் டிரைவரிடம் காட்டினேன்.

அதில்தான் மாட்டிக்கொண்டேன். போர்வையை உனக்குக் கொடுக்கும்போது நான் யாரையும் கேட்கவில்லை, பிறகும் சொல்லவில்லை. என் அப்பா, அம்மா, என் வீட்டுக்காரரான உன் தாத்தா, எல்லாருடைய சவப்பெட்டி மேலும் அதைத்தான் போர்த்தினோம். அண்ணன் மகள் ஹுஹானா இரண்டு முறை வந்து, வெயிலில் காட்டி வைக்க வேண்டும், எடுத்துக் கொடுங்கள் என்றாள். பெட்டிச் சாவியைக் காணோம் என்று பொய் சொன்னேன். போன ஞாயிறு அந்தப் புத்தகத்தைத் தேவாலயத்துக்கும் தூக்கிக்கொண்டு போனேன். பெருமை என்னைச் சும்மா இருக்க விடவில்லை. அங்கே ஹுஹானா வாங்கிப் பார்த்தாள். கத்தவில்லை. எல்லார் முன்னாலும் மெதுவாகத்தான் கேட்டாள்: "எங்கப்பாவ எதப் போத்தி அனுப்பப்போறீங்க அத்தை? இந்தப் புத்தகத்தையா?"

அன்றே அண்ணனிடம் போய் நானே சொல்லிவிட்டேன். வெகு நேரம் படத்தைப் பார்த்தார். "அப்ப நான் இந்த மேகத்தையெல்லாம் சேத்துப் போத்திக்கிட்டுப் போகணுமாடி?" என்றார். சிரிப்பு இருமலாகி, மூச்சு திரும்பக் கொஞ்ச நேரம் ஆனது. பிரிக்கச் சொல்லாதே, இறகு பாழாகும், அப்படியே வரட்டும் என்றார். ஹுஹானாவுக்குச் சம்மதம் இல்லை. பெயிண்ட் பட்டதை அப்பா மேல் போட விடமாட்டாளாம். அந்தச் சண்டையை நான் பார்த்துக்கொள்கிறேன்.

ஒரு அருங்காட்சியகம் அந்தப் படத்தைக் கேட்கிறது என்று எழுதியிருந்தாய். அது உனக்கு எவ்வளவு பெரியது என்று தெரியும். பத்து வருஷம் பகலில் ஊரார் வீட்டுச் சுவருக்குச் சுண்ணாம்பு அடித்துக்கொண்டு வரைந்தவள் நீ. தெரிந்துதான் கேட்கிறேன். கொடுத்தவளும் நான், திருப்பிக் கேட்பவளும் நான். கோபம் என் மேலேயே இருக்கட்டும். சட்டத்தைக் கழற்றி, இறகு மடங்காமல் சுருட்டிக்கொள். பார்சலில் போடாதே, நீ கொண்டு வா. குலக்கூடத்தில் உடலை மூன்று நாள்தான் கிடத்துவோம். அதற்குமேல் யாரும் காத்திருக்க மாட்டார்கள்.

தபாலுக்கு நேரமில்லை. ஹுஹானாவே இதைப் போட்டோ எடுத்து உன் போனுக்கு அனுப்புகிறாள். அவளும் படிக்கட்டும்.

இன்று அண்ணன் மீன்தலைச் சூப் நாலு ஸ்பூன் குடித்தார். மூன்றுதான் என்கிறாள் அவள். கிளம்பிவிட்டேன் என்று நீ ஒரு வரி போட்டால், நாளைக்கு அஞ்சு குடிக்க வைப்பேன்.

உன் கைக்கு ஒரு குறையும் வராமல் கடவுள் காக்கட்டும்.

உன் பாட்டி
மெரியானா